அனுப்பப்படாத எக்ஸ்ரேக்கள்

அமெரிக்கத் தொழிலதிபர் ஜான் ஒலினுக்கு வேட்டை நாய்கள் என்றால் உயிர். வின்செஸ்டர் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் தயாரித்த குடும்பத்தின் வாரிசு அவர். இல்லினாய் மாநிலத்தில், தன் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு ‘நைலோ’ என்று பெயரிட்டு ஒரு நாய்ப்பண்ணை நடத்தினார். அந்தப் பண்ணையின் கிங் பக் என்ற கறுப்பு லாப்ரடார் 1952, 1953 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் தேசியப் போட்டியில் வென்றது. 1959-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட வாத்து வேட்டை முத்திரையிலும் அதன் படம் இடம்பெற்றது. பணத்துக்கும் தீனிக்கும் கவனிப்புக்கும் குறைவே இல்லாத அந்தப் பண்ணையிலும், ஓடித் திரிய வேண்டிய வயதில் சில நாய்கள் பின்னங்கால் தளர்ந்து உட்கார்ந்தன. காரணம் ‘ஹிப் டிஸ்பிளேசியா’ எனப்படும் இடுப்பு மூட்டுக் கோளாறு. அது பரம்பரையாக வருகிறது என்பது அப்போதே தெரிந்திருந்தது. எந்த நாயை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்வது, எதை ஒதுக்குவது என்று சொல்ல ஓர் அமைப்பு இல்லை என்பதுதான் ஒலினின் கவலை. 1966-இல் அவர் முன்னின்று தொடங்கியதுதான் ‘ஆர்த்தோபீடிக் ஃபவுண்டேஷன் ஃபார் அனிமல்ஸ்’, சுருக்கமாக ஓ.எஃப்.ஏ.

பெருவகை நாய்களின் பரம்பரை மூட்டு நோய்களுக்கு எதிரான முயற்சி இப்படிப் பல நாடுகளில் பல பெயர்களில் அறுபது ஆண்டுகளாக நடந்துவருகிறது. எக்ஸ்ரே தொழில்நுட்பம் தேறியிருக்கிறது, அளவுகோல்கள் நுணுக்கமாகியிருக்கின்றன, மரபியல் கணக்குகள் கணினிக்கு ஏறியிருக்கின்றன. இத்தனைக்குப் பிறகும் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர், ராட்வைலர் குட்டிகளுக்கு இந்தக் கோளாறு வந்துகொண்டே இருக்கிறது. சில இடங்களில் மட்டும் இது கணிசமாகக் குறைந்திருக்கிறது. அங்கே குறைந்து இங்கே ஏன் குறையவில்லை என்று பார்த்தால், கருவிகளைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று தெரிகிறது. மோசமாக வந்த எக்ஸ்ரேயை என்ன செய்கிறார்கள் என்பதே அது.

முதலில் மூட்டைப் பார்த்துவிடலாம். இடுப்பு மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள குழிவான கிண்ணத்தில் பொருந்தி உட்கார வேண்டும். இந்தக் கோளாறு வரப்போகிற குட்டிக்கும் பிறக்கும்போது மூட்டு சரியாகவே இருக்கிறது. அடுத்த சில மாதங்களில் எலும்பு வேகமாக வளரும்போது, மூட்டைச் சுற்றியுள்ள தசையும் தசைநாரும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் தளர்ந்தால், எலும்புத் தலை கிண்ணத்தின் மையத்தில் நிற்காமல் விளிம்பை நோக்கி நழுவுகிறது. வளரும் பருவத்தில் எலும்பு மென்மையாக இருப்பதால், எங்கே அழுத்தம் விழுகிறதோ அங்கே உருமாறுகிறது. கிண்ணம் ஆழமில்லாமல் தட்டையாகிறது. உருண்டையாக இருக்க வேண்டிய தலை சப்பையாகிறது. குருத்தெலும்பு தேய்கிறது. தளர்ந்த மூட்டை இறுக்கிப் பிடிக்க உடம்பு விளிம்புகளில் புது எலும்பை வளர்க்கிறது. அதுதான் பிற்காலத்தில் வரும் மூட்டுத் தேய்மானம், விறைப்பு, வலி எல்லாம்.

வீட்டில் இதைக் கண்டுபிடிக்கக் கண்ணுக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ஏழெட்டு மாத லாப்ரடார் ஒன்று மொசைக் தரையில் படுத்திருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வால் உடனே ஆடுகிறது. உடம்பு எழுந்திருக்கச் சற்று நேரமாகிறது. முன்னங்கால்களை ஊன்றி, நெஞ்சால் பாரத்தை முன்னுக்கு இழுத்து, பின்னங்கால்களைக் கடைசியாகச் சேர்த்துக்கொள்கிறது. ஓடும்போது இரண்டு பின்னங்கால்களையும் ஒன்றாகச் சேர்த்து முயலைப்போலத் தாவுகிறது. உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு காலை வெளியே தள்ளி உட்காருகிறது. தோளும் கழுத்தும் திரண்டிருக்க, தொடை மட்டும் மெலிந்திருக்கிறது. “குட்டி சோம்பேறி சார், சாப்பிட்டுட்டுத் தூங்குது” என்று வளர்ப்பவர் சிரித்தபடி சொல்வார். வலியைக் கத்திச் சொல்லும் வழக்கம் நாய்களுக்கு இல்லை. வலிக்கிற காரியங்களைக் குறைத்துக்கொள்வதுதான் அவற்றின் வழி. அதைச் சோம்பல் என்று படித்துக்கொண்டு ஓராண்டைக் கடத்திவிடுகிறோம்.

இந்த நோயின் மரபியல்தான் எல்லாரையும் தடுமாற வைத்தது. லாப்ரடார்களில் வேறொரு பரம்பரைக் கோளாறு உண்டு: கடுமையாக ஓடிய சில நிமிடங்களில் பின்னங்கால் துவண்டு விழுவது. அதற்குக் காரணம் ஒரே ஒரு மரபணுவில் உள்ள மாற்றம் என்று 2008-இல் கண்டறிந்தார்கள். இன்று ஒரு சொட்டு ரத்தமோ கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்த பஞ்சோ போதும். பெற்றோர் இருவரில் ஒருவர் சுத்தமாக இருந்தால் நோயுள்ள குட்டி பிறக்காது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். ஹிப் டிஸ்பிளேசியாவுக்கு அப்படி ஒற்றை மரபணு கிடையாது. பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்களிக்கின்றன. அவற்றோடு தீனியும் உடல் எடையும் வளர்ப்பும் சேர்ந்துகொள்கின்றன. பிரிட்டனின் லாப்ரடார்களை வைத்து 2010-இல் வெளிவந்த ஆய்வு, இடுப்பு மூட்டு மதிப்பெண்ணின் மரபுவழிப் பங்கு ஏறத்தாழ 0.35 என்று கணக்கிட்டது. நாய்க்கு நாய் தெரியும் வேறுபாட்டில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகமானது, பெற்றோரிடமிருந்து குட்டிக்குக் கடத்தப்படக்கூடிய மரபுக் கூறுகளால் வருகிறது என்பது இதன் பொருள். அந்தப் பங்கு சிறியதல்ல. தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தால் நிச்சயம் பலன் தெரியும். ஆனால் ஒரு நாயின் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து அதன் குட்டிகளைப் பற்றி உறுதி சொல்லும் அளவுக்குப் பெரிதும் இல்லை. நல்ல மூட்டுள்ள இரண்டு நாய்களுக்கு மோசமான மூட்டுள்ள குட்டி பிறப்பதும், அதற்கு நேர்மாறாக நடப்பதும் இதனால்தான்.

எக்ஸ்ரே எடுக்கும் முறையை ஒருமுறை நேரில் பார்த்தால், இது வெறும் சான்றிதழ் சமாசாரம் அல்ல என்பது புரியும். மயக்க மருந்து கொடுத்து நாயை மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். இரண்டு பின்னங்கால்களையும் நேராக நீட்டி, ஒன்றுக்கொன்று இணையாக வைத்து, முழங்கால் சில்லுகள் நடுவில் வரும்படி உள்பக்கமாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். இடுப்பு ஓர் இம்மி சாய்ந்தாலும் ஒரு கிண்ணம் ஆழமாகவும் இன்னொன்று ஆழமில்லாமலும் பொய்யாகத் தெரியும். படம் வந்தபின் இரண்டு தொடை எலும்புத் தலைகளின் மையங்களையும் சேர்த்து ஒரு கோடு. ஒவ்வொரு மையத்திலிருந்தும் கிண்ணத்தின் முன்விளிம்புக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே உள்ள கோணத்துக்கு நார்பர்க் கோணம் என்று பெயர். 105 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் தலை நன்றாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஓ.எஃப்.ஏ. முறையில் நாய்க்கு 24 மாதம் நிறைந்திருக்க வேண்டும். மூன்று கதிரியக்க மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்து, மிகச்சிறந்தது முதல் மிக மோசமானது வரை ஏழு தரங்களில் ஒன்றைத் தருகிறார்கள். பிரிட்டனில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 முதல் 53 வரை, இரண்டும் சேர்த்து 106 வரை மதிப்பெண். குறையக் குறைய நல்லது. ஐரோப்பாவின் பல நாடுகளில் ஏ முதல் இ வரை தரம்.

இவற்றுக்கு மாற்றாக, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கெயில் ஸ்மித் 1980-களில் உருவாக்கிய முறை ‘பென்ஹிப்’. காலை நீட்டிப் பிடிக்கும்போது மூட்டின் உறை முறுக்கிக்கொண்டு தலையை உள்ளே தள்ளிவிடுகிறது, அதனால் தளர்ச்சி மறைந்துவிடுகிறது என்பது அவர் வாதம். ஆகவே கால்களை இயல்பான நிலையில் வைத்து, ஒரு கருவியால் மெதுவாக விலக்கி, தலை எவ்வளவு வெளியே நழுவுகிறது என்பதை நேரடியாக அளக்கிறார்கள். அந்த அளவு 0.3-க்குள் இருந்தால் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. 16 வாரக் குட்டியிலேயே இதை அளந்துவிடலாம். இம்முறையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் தொழில்நுட்பத்தில் இல்லை. அதன் நிபந்தனை ஒன்றில் இருக்கிறது. பயிற்சி பெற்ற மருத்துவர் இம்முறையில் எடுத்த படம் எதுவானாலும், நல்லதோ கெட்டதோ, மையத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

ஓ.எஃப்.ஏ.-வில் இந்தக் கட்டாயம் இருக்கவில்லை. எக்ஸ்ரே எடுப்பது உள்ளூர் மருத்துவர். படத்தைப் பார்த்ததுமே மோசம் என்று அவருக்கே தெரிந்துவிடும். “இதை அனுப்பினால் தேறாது” என்று சொன்னால், கட்டணம் கட்டி அனுப்ப உரிமையாளருக்கு மனம் வருமா? அனுப்பித் தேறாமல் போனாலும் அந்த முடிவைப் பொதுவில் வெளியிட உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்பதே நெடுங்கால நடைமுறை. விளைவு என்னவென்று 2005-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கோல்டன் ரெட்ரீவர்களையும் ராட்வைலர்களையும் எடுத்துக்கொண்ட அதன் ஆய்வாளர்கள், எடுத்த படம் எதுவும் விடுபடாமல் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தார்கள். கோல்டன்களில் 53 முதல் 73 சதவீதம் வரையும், ராட்வைலர்களில் 41 முதல் 69 சதவீதம் வரையும் இந்தக் கோளாறு இருந்தது. ஓ.எஃப்.ஏ. பதிவேடு சொன்ன விகிதம் இதைவிட வெகு குறைவு. மூட்டு நன்றாகத் தெரிந்த எக்ஸ்ரேக்கள் பதிவேட்டுக்கு அனுப்பப்படும் வாய்ப்பு, மோசமானவற்றைவிட 8.2 மடங்கு அதிகம் என்றும் அவர்கள் கண்டார்கள்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு சான்றிதழும் உண்மையானது. இருந்தும் பதிவேடு மொத்தமாகப் பார்த்தால் தவறான படத்தைத் தருகிறது. ‘சிறப்பு’ என்ற தரம் பெற்ற ஒரு கடுவன், எட்டுக் குட்டிகள் பிறந்த ஈற்றில் தேறிய ஒன்றா, அல்லது எட்டும் தேறிய ஈற்றில் பிறந்ததா என்று அந்தச் சான்றிதழிலிருந்து தெரியாது. மரபியல் கணக்கில் இந்த இரண்டு நாய்களும் ஒன்றே அல்ல. தன் மூட்டு ‘பரவாயில்லை’ ரகமாக இருந்தாலும், உடன்பிறந்தவையும் பெற்றோரின் உடன்பிறந்தவையும் திடமாக இருக்கும் பெட்டையை நான் முதலில் தேர்ந்தெடுப்பேன். உடன்பிறந்த ஐந்தும் நொண்ட, தான் மட்டும் ‘சிறப்பு’ வாங்கிய அழகியை இரண்டாவதாகத்தான் வைப்பேன். ஏழு நாய்களின் மூட்டு சொல்லும் செய்தி ஒரு நாயின் மூட்டு சொல்வதைவிட நம்பகமானது.

பால் மாட்டை வைத்துச் சொன்னால் நம்மூரில் எவருக்கும் இது விளங்கும். காளை பால் கறப்பதில்லை. இருந்தாலும் எந்தக் காளையின் விந்தணுவைச் சினை ஊசிக்கு எடுப்பது என்பதை, அதன் மகள்களும் சகோதரிகளும் எத்தனை லிட்டர் கறந்தார்கள் என்ற பதிவேட்டை வைத்தே முடிவு செய்கிறோம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹெண்டர்சன் கால்நடைகளுக்காக வகுத்த புள்ளியியல் முறை, உறவுக்கார விலங்குகள் எல்லாவற்றின் தகவலையும் உரிய எடை கொடுத்துச் சேர்த்து, ஒரு விலங்கின் ‘இனப்பெருக்க மதிப்பை’ எண்ணாகக் கணித்துத் தருகிறது. மாட்டுக்குப் பல பத்தாண்டுகளாகச் செய்ததை நாய்க்குச் செய்யத் தயங்கிக்கொண்டே இருந்தோம். பிரிட்டனின் கென்னல் கிளப் லாப்ரடார் உள்ளிட்ட சில இனங்களுக்கு இடுப்பு, முழங்கை மூட்டுகளின் இனப்பெருக்க மதிப்பைப் பொதுமக்கள் இலவசமாகப் பார்க்கும்படி வைத்தது 2014-இல்தான்.

ஸ்வீடன் இதில் வெகு முன்னோடி. அங்கே 1970-களிலேயே கென்னல் கிளப்பின் பதிவேடு திறந்த பதிவேடானது. ஒரு நாயின் பெயரைத் தேடினால் தேறியதும் தேறாததும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். பல இனங்களில், பெற்றோர் இருவரின் மூட்டு நிலையும் பதிவாகாமல் குட்டிகளுக்கு வம்சாவளிப் பதிவு கிடைக்காது என்ற நிலையையும் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். ஏழு இனங்களை வைத்து 1997-இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு, அந்தத் திட்டத்தின் செலவையும் பலனையும் சேர்த்தே எடைபோட்டது.

இதைவிடக் கூர்மையான சான்று, நியூஜெர்சியின் மாரிஸ்டவுன் நகரில் உள்ள ‘தி சீயிங் ஐ’ நிறுவனத்திலிருந்து வருகிறது. 1929-இல் தொடங்கிய இந்த நிறுவனம், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைத் தானே இனப்பெருக்கம் செய்து பயிற்றுவிக்கிறது. வழிகாட்டி நாயின் வளர்ப்புக்கும் பயிற்சிக்கும் செலவழித்ததெல்லாம், அதன் இடுப்பு மூட்டு கெட்டால் வீண். அதனால் தங்கள் நாய்களை 12 முதல் 16 மாத வயதில் பரிசோதித்துப் பதிந்து, உறவுக்கார நாய்களின் தகவலையும் சேர்த்துத் தேர்வு செய்தார்கள். எல்டின் லெய்ட்டன் 1997-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஐந்து தலைமுறைகளுக்குள்ளாகவே ஜெர்மன் ஷெப்பர்டுகளில் இக்கோளாறு 55 சதவீதத்திலிருந்து 24-ஆகவும், லாப்ரடார்களில் 30-லிருந்து 10-ஆகவும் இறங்கியது. அவர்களிடம் மாய மருந்து எதுவும் இல்லை. அங்கே நாய்க்குக் கோப்பை கிடையாது, இணைசேர்க்க வாங்கும் ‘ஸ்டட்’ கட்டணம் கிடையாது, காப்பாற்ற வேண்டிய கென்னல் பெயர் கிடையாது. மோசமான எக்ஸ்ரேயை மறைத்தால் நஷ்டப்படப் போவது அவர்களே. மறைப்பதில் லாபமே இல்லாத இடத்தில் உண்மை தானாகப் பதிவேறியது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. நல்ல மூட்டுள்ள ஒன்றிரண்டு கடுவன்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றெல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டால் சிக்கல் தீராது. ஒரே பிரபல கடுவன் நூற்றுக்கணக்கான குட்டிகளுக்குத் தகப்பனானால், இரண்டு தலைமுறை கழித்து அந்த ஊரில் யார் யாரோடு இணைந்தாலும் அவனுடைய பேரன் பேத்திகளே இணைவார்கள். மூட்டு தேறியிருக்கும், அவன் சுமந்த வேறு ஏதோ மறைந்த கோளாறு இப்போது இருபக்கமும் சேர்ந்து வெளிப்படும். ஆகவே மிக மோசமானவற்றை மட்டும் விலக்கி, நடுத்தரமானவற்றை அவற்றைவிட நல்ல குடும்பத்தோடு சேர்த்து, தலைமுறைக்குத் தலைமுறை சராசரியை நகர்த்துவதே பாதுகாப்பான வழி. இது மெதுவான வேலை. ஆண்டுக்கு மூன்று ஈற்று எடுத்து விற்பவருக்கு இந்தப் பொறுமை கட்டுப்படியாகாது.

வளர்ப்பின் பங்கைப் பற்றி இனிப் பேசலாம்; அது நிஜமானது, பெரியது. லாப்ரடார் குட்டிகள் 48-ஐ எடுத்து, ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து, ஒன்றுக்கு அதன் சோடி தின்பதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி கொடுத்து ஆயுள் முழுவதும் கவனித்த ஓர் ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. இரண்டு வயதில் எக்ஸ்ரே எடுத்தபோது, நிறையத் தின்ற 24-இல் 16 நாய்களுக்கு ஹிப் டிஸ்பிளேசியா. அளவாகத் தின்ற 24-இல் 7-க்கு மட்டும். இடுப்பில் தேய்மானம் எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்கிய இடைநிலை வயது முதல் கூட்டத்தில் 6, இரண்டாவதில் 12. வாழ்நாளும் 11.2 ஆண்டிலிருந்து 13 ஆண்டாக நீண்டது. ஒரே தாய் தகப்பன், ஒரே கூரை. தட்டில் விழுந்த தீனியின் அளவு மட்டும் வேறு. நார்வேயில் நான்கு பெரிய இனங்களைப் பின்தொடர்ந்து 2012-இல் வந்த ஆய்வில், மூன்று மாதத்துக்குள் தினமும் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு ஆபத்து கூடியது. மென்மையான, மேடுபள்ளமான தரையில் கட்டில்லாமல் ஓடி விளையாடியவற்றுக்குக் குறைந்தது. கோல்டன் ரெட்ரீவர் கடுவன்களுக்கு ஒரு வயதுக்கு முன்பே கருத்தடை செய்தால் இக்கோளாறு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2013-இல் காட்டினார்கள்.

நம் வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது கால்சியம் பாட்டில். பெரிய இனக் குட்டி என்றால் எலும்பு பலமாக வேண்டும் என்று சொல்லி, நல்ல பாக்கெட் தீனியோடு கூட டானிக்கையும் பாலையும் ஊற்றுகிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஹேசவிங்கல் குழுவினர் கிரேட் டேன் குட்டிகளுக்கு அதிகக் கால்சியம் கொடுத்துப் பார்த்து 1985-இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர் எதிரானது: எலும்பும் குருத்தெலும்பும் ஒழுங்காக வளராமல் கெட்டன. இளங்குட்டியின் குடல் வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாதது. கொடுத்தால் கொடுத்த அளவுக்கு உறிஞ்சிக்கொள்ளும். சமச்சீர் தீனி உண்ணும் குட்டிக்கு, மருத்துவர் சொல்லாமல் டானிக் வேண்டியதில்லை. விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படும்படி, கண்ணுக்குத் துருத்தாதபடி மெலிந்த உடம்போடு வளர்த்தாலே பாதிக் காரியம் ஆயிற்று. வலி வந்துவிட்ட நாய்க்கும் எடை குறைப்பதே முதல் மருந்து. நமக்கு வாங்கி வைத்த பாரசிட்டமால், ஐபுபுரோஃபென் மாத்திரைகளை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. நாயின் கல்லீரலும் சிறுநீரகமும் வயிறும் அதைத் தாங்காது.

வளர்ப்பு முக்கியம் என்ற இந்த உண்மையைச் சில பிரீடர்கள் கேடயமாகத் தூக்கிப் பிடிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பத்து மாதத்தில் நொண்டும் குட்டியோடு வந்து கேட்பவரிடம், “டைல்ஸ் தரையில் விட்டீங்க, மாடிப்படி ஏற விட்டீங்க, அதான்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மரபில் தளர்ச்சி இல்லாத குட்டி வழுக்குத் தரையில் வளர்ந்தால் அதற்கு இந்த நோய் வந்துவிடாது. மரபு ஏற்றிவைத்த துப்பாக்கியின் விசையைத்தான் தீனியும் தரையும் இழுக்கின்றன. குட்டியை வாங்கியவர் தன் பங்கை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிற பிரீடர், தாய் தகப்பனின் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அந்த அறிவுரைக்கு மதிப்பு உண்டு.

சென்னையிலும் கோவையிலும் லாப்ரடார் வாங்கப் போனால் காதில் விழும் முதல் வாக்கியம், “அப்பா அம்மா ரெண்டும் சாம்பியன் லைன் சார், பேப்பர் இருக்கு.” பேப்பர் என்பது வம்சாவளிச் சான்று. யாருக்கு யார் பிறந்தது என்பதை அது சொல்லும். யாருக்கு மூட்டு எப்படி இருந்தது என்பதைச் சொல்லாது. சாம்பியன் பட்டம் தருவது கண்காட்சி வளையத்துக்குள் நடந்து காட்டிய சில நிமிடங்கள். நடுத்தரமான ஹிப் டிஸ்பிளேசியா உள்ள இளம் நாய் அந்தச் சில நிமிடங்களை அழகாகவே கடந்துவிடும். இந்திய அரசு 2017-இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகள் நல்ல தொடக்கம். பதினெட்டு மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்றெல்லாம் தாயின் உடம்பையும் குட்டியின் உயிரையும் காக்கும் வரிகள் அவற்றில் உண்டு. பரம்பரை மூட்டு நோயை அந்த வரிகள் தொடவில்லை.

“அப்படியென்றால் கலப்பு நாயே மேல்” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பல பரம்பரை நோய்களில் அது சரி. ஆனால் டேவிஸ் பல்கலைக்கழக மருத்துவமனையின் பதிவுகளை வைத்து 2013-இல் வந்த மற்றொரு ஆய்வு 24 பரம்பரை நோய்களை எடுத்துக்கொண்டபோது, தூய இனங்களில் கூடுதலாகத் தெரிந்தவை பத்து. ஹிப் டிஸ்பிளேசியா அந்தப் பத்தில் இல்லை. கலப்பிலும் ஏறத்தாழ அதே அளவுக்கு இருந்தது. இந்த மரபுக் கூறுகள் நாய் இனங்கள் பிரிவதற்கு முன்பிருந்தே பரவலாக இருந்திருக்க வேண்டும். லாப்ரடாரையும் ஜெர்மன் ஷெப்பர்டையும் கலந்து, “கிராஸ், அதனால் ஆரோக்கியம்” என்று விற்பது இருபக்கத் தளர்ச்சியையும் ஒரே குட்டியில் சேர்ப்பதாக முடியலாம்.

உடலமைப்பு இதில் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டும் பழைய ஆய்வு ஒன்று உண்டு. வேய்ன் ரைசர் 1960-களில் கிரேஹவுண்டையும் ஜெர்மன் ஷெப்பர்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கிரேஹவுண்டின் இடுப்பைச் சுற்றித் தசை அடர்த்தியாகத் திரண்டிருந்தது. இக்கோளாறு அவ்வினத்தில் மிக அரிது. மறுமுனையில், குறுகிய கால்களும் அகன்ற உடம்புமாக மாற்றப்பட்ட புல்டாக்குகளில் ஓ.எஃப்.ஏ.-வுக்கு அனுப்பப்பட்ட படங்களிலேயே பத்தில் ஏழு தேறுவதில்லை. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் கிரேஹவுண்டைப் போலக் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்களின் உடம்பு கொண்டவை; மெலிந்த இடை, திரண்ட தொடை. முயலை விரட்டி ஓட முடியாத நாயைத் தெற்கத்திச் சம்சாரிகள் வம்சத்துக்கு வைத்துக்கொண்டதில்லை. எழுத்தில் இல்லாத அந்தத் தேர்வு, இன்றைய எக்ஸ்ரேயைவிடக் கறாரானது.

அந்தத் தேர்வு இப்போது நின்றுவிட்டது என்பதுதான் என் கவலை. வேட்டைக்குத் தடை இருக்கிறது; அது இருக்கத்தான் வேண்டும். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் இன்று நகரத்து வீடுகளுக்கும் கண்காட்சி வளையங்களுக்கும் போகின்றன. வெள்ளை ராஜபாளையத்துக்கான மோகம், நிறமி இல்லாமையோடு சேர்ந்து வரும் பிறவிச் செவிட்டுத்தன்மையை அந்த இனத்தில் ஏற்கெனவே பரப்பிவிட்டது. வாங்குபவர்கள் “இன்னும் உயரமா, இன்னும் எடையா” என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். லாப்ரடாருக்கும் ஷெப்பர்டுக்கும் நூறாண்டுகளில் நடந்தது இங்கே இருபது ஆண்டுகளில் நடந்துவிடலாம். பதிவேடு தொடங்க இதுவே சரியான நேரம். கெடுதி பரவிய பிறகு தொடங்கினால், தி சீயிங் ஐ-யைப் போலத் தலைமுறைக் கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும்.

இதற்குப் பெரிய நிறுவனம்கூட வேண்டியதில்லை. ஓர் இனத்தின் பிரீடர்கள் பத்துப் பேர் கூடி, குட்டியை மைக்ரோசிப் போட்டு விற்கலாம். விலையில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்து, வாங்கியவர் நாயை இரண்டு வயதில் கொண்டுவந்து இடுப்புக்கும் முழங்கைக்கும் எக்ஸ்ரே எடுக்க ஒப்புக்கொண்டால் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்ட நாய்களை மட்டும் எடுத்தால் போதாது. வீட்டு நாயாகப் போன உடன்பிறப்புகள், கருத்தடை செய்யப்பட்டவை, நொண்டுவதாகப் புகார் வந்தவை எல்லாம் வர வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றின் கதிரியக்கத் துறை, எந்தக் கென்னலின் நாய் என்று தெரியாதபடி சிப் எண்ணை மட்டும் வைத்துப் படங்களுக்குத் தரம் போடலாம். மருத்துவர் எடுத்த படம் உரிமையாளரின் கைக்கு வருவதற்கு முன்பே மையத்துக்குப் போய்விட வேண்டும். அனுப்பலாமா வேண்டாமா என்ற கேள்வியே எழாத வகையில் ஒப்பந்தத்தில் கையெழுத்து, குட்டி விற்கும் நாளிலேயே.